0.04 சதவீத வாயு, ஊரடங்கு, இந்தியாவின் பங்கு: பருவநிலை விவாதத்துக்குக் கணக்கோடு ஒரு பதில்

கேள்வி இதுதான்: காற்றில் வெறும் 0.04 சதவீதம் இருக்கும் கரியமில வாயு எப்படிப் பூமியைச் சூடாக்கும்? அதைக் கூட்டியது மனிதன்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? அப்படியே இருந்தாலும், கொரோனா ஊரடங்கில் உலகமே முடங்கியபோதுகூட அந்த அளவு குறையவில்லையே, பிறகு இந்தியா உமிழ்வைக் குறைத்து என்ன ஆகப்போகிறது?

இதற்குள் இரண்டு தனித்தனி வாதங்கள் இருக்கின்றன. முதலாவது இயற்பியலும் அளவீடும். இரண்டாவது, குறைப்பதால் பலன் உண்டா என்ற கணக்கு. முதலாவதில் இடறினால் இரண்டாவதற்குத் தாவுவதும், இரண்டாவதில் மாட்டிக்கொண்டால் மறுபடி முதலாவதற்கே திரும்புவதும் இந்த விவாதத்தில் வழக்கம். அதனால் முதலாவதை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறேன்.

ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958-ல் சார்லஸ் டேவிட் கீலிங் தொடர் அளவீட்டைத் தொடங்கியபோது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு, அதாவது 315 பிபிஎம். 2024-ன் சராசரி சுமார் 424. பனிப்பாளங்களில் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளை அளந்ததில், தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 280. அன்டார்டிகாவில் எடுத்த 8 லட்சம் ஆண்டுப் பனிப்பதிவில் இந்த அளவு ஏறக்குறைய 180-க்கும் 300-க்கும் நடுவிலேயே ஏறி இறங்கியிருக்கிறது. ஏறியது என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. ஏற்றியது யார் என்பதில்தான் தகராறு.

எதிர்த்தரப்பு வழக்கமாக வைக்கும் வாதம்: கடலும் காடும் மண்ணும் ஆண்டுதோறும் வெளிவிடும் கரியமில வாயுவோடு ஒப்பிட்டால் மனிதன் விடுவது ஐந்து சதவீத அளவுதான். அந்த எண் சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தப்பு. வெளிவிடும் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, அதே கடலும் காடும் உள்ளிழுக்கும் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். வரவு செலவு இரண்டையும் போட்டுப் பாருங்கள். காற்றில் 1 பிபிஎம் கூட வேண்டுமானால் 780 கோடி டன் கரியமில வாயு சேர வேண்டும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் ஆகியவற்றால் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன். காடழிப்பையும் சேர்த்தால் 4,000 கோடிக்கு மேல். இது அப்படியே காற்றில் தங்கினால் ஆண்டுக்கு 5 பிபிஎம் ஏற வேண்டும். உண்மையில் ஏறுவது சுமார் 2.5. அப்படியானால் மீதிப் பாதியை யாரோ விழுங்குகிறார்கள். கடலும் நிலத் தாவரங்களும்தான். இயற்கை மொத்தத்தில் நாம் விடுவதை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது, ஏற்றத்துக்கு அதுவே காரணம் என்று சொல்ல கணக்கில் இடமே இல்லை. இந்த விவாதத்தில் உள்ள மிக வலுவான வாதம் இதுதான் என்பது என் எண்ணம். இதற்குக் கணினி மாதிரி எதுவும் தேவையில்லை, கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

இதோடு கைரேகைகளும் இருக்கின்றன. செடிகள் ஒளிச்சேர்க்கையில் கார்பனின் வகைகளில் இலேசான கார்பன்-12-ஐ அதிகமாக எடுத்துக்கொள்ளும். கார்பன்-13 குறைவாகவே உள்ளே போகும். செடியிலிருந்து வந்த நிலக்கரிக்கும் அதே குணம். அதை எரித்தால் காற்றில் கார்பன்-13-ன் விகிதம் குறைய வேண்டும், குறைந்துகொண்டே வருகிறது. காலப்போக்கில் சிதைந்துபோகும் கார்பன்-14-ன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த எரிபொருளில் அது துளியும் மிஞ்சாது. காற்றில் அதன் பங்கும் நீர்த்துப்போகிறது. ‘எரிமலையிலும்தானே கார்பன்-14 கிடையாது?’ என்று விவரம் தெரிந்தவர் மடக்கலாம். சரிதான். ஆனால் எரிமலை வாயுவில் கார்பன்-13 இப்படிக் குறைந்திருக்காது, அது ஆக்சிஜனையும் செலவழிக்காது. காற்றின் ஆக்சிஜன் ஆண்டுக்குச் சுமார் 4 பிபிஎம் குறைந்துவருகிறது. மூச்சுக்கு அதனால் ஆபத்து இல்லை, ஏனென்றால் 2,09,000 பிபிஎம்முக்கு மேல் இருக்கிறது. ஆனால் எங்கோ எதுவோ எரிகிறது என்பதற்கு அது நேரடிச் சாட்சி. எரிமலைகள் எல்லாம் சேர்ந்தும் நம் உமிழ்வில் நூற்றில் ஒரு பங்கைத் தொடுவதில்லை.

இனி 0.04 சதவீதம். உலர்ந்த காற்றின் 99.9 சதவீதமும் நைட்ரஜன், ஆக்சிஜன், ஆர்கான். பூமி வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரை இந்த மூன்றும் ஏறக்குறைய தொடுவதே இல்லை. வெப்பத்தைப் பொறுத்தவரை அவை கண்ணாடிபோல. எனவே மொத்தக் காற்றில் எத்தனை சதவீதம் என்று கேட்பது பொருத்தமற்ற கேள்வி. கதிரின் பாதையில் உறிஞ்சும் பொருள் எவ்வளவு நிற்கிறது என்பதே கேட்க வேண்டியது. ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கும் மேலே சுமார் 10 டன் காற்று நிற்கிறது. அதில் கரியமில வாயு மட்டும் முன்பு 4.4 கிலோ, இப்போது 6.6 கிலோ. சதுர மீட்டருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் கூடுதல் போர்வை என்று சொன்னால் ‘வெறும் 0.04’ என்று யாருக்கும் தோன்றாது.

அடுத்து வருவது கொஞ்சம் நுட்பமான ஆட்சேபம்: கரியமில வாயு உறிஞ்சும் 15 மைக்ரான் அலைநீளம் ஏற்கெனவே முழுக்க அடைபட்டுவிட்டது, இன்னும் சேர்த்தால் என்ன கூடும்? 1900-லேயே ஸ்வீடன் இயற்பியலாளர் ஓங்ஸ்ட்ரோம் இதைக் கேட்டார். அரை நூற்றாண்டுக் காலம் பலர் அதை நம்பவும் செய்தார்கள். பதில் கிடைத்தது 1950-களில். தரையிலிருந்து கிளம்பும் கதிர் ஒரேயடியாக வெளியே போவதில்லை; உறிஞ்சப்பட்டு, மறுபடி வெளிவிடப்பட்டு, படிப்படியாக மேலேறுகிறது. கடைசியாக எந்த உயரத்திலிருந்து விண்வெளிக்குத் தப்பிக்கிறதோ அங்குள்ள வெப்பநிலைதான் பூமி எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பதைத் தீர்மானிக்கும். சராசரியாக அந்த உயரம் சுமார் 5 கிலோமீட்டர். அங்கே வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி. வாயு கூடினால் தப்பிக்கும் உயரம் மேலே நகரும். மேலே போகப் போகக் குளிர். குளிர்ந்த இடம் குறைவாகவே வெப்பத்தை வெளிவிடும். வரும் வெயில் அப்படியே இருக்க, போகும் வெப்பம் குறைந்தால் கீழே சூடேறித்தானே ஆக வேண்டும்? தவிர, 15 மைக்ரானின் மையம் அடைபட்டாலும் அதன் இரு ஓரங்களும் இன்னும் அடைபடவில்லை. இதனால்தான் விளைவு மடக்கை விகிதத்தில் போகிறது: அளவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சதுர மீட்டருக்குச் சுமார் 3.7 வாட். 280-லிருந்து 424-க்கு வந்ததற்கு ஏறத்தாழ 2.2 வாட். காகிதக் கணக்கோடு இது நிற்கவில்லை. 1970-ல் நிம்பஸ்-4 செயற்கைக்கோள் அளந்த கதிர்ப் பட்டையையும் 1997-ல் ஜப்பானியச் செயற்கைக்கோள் அளந்ததையும் ஒப்பிட்டபோது, எந்த அலைநீளங்களில் குறைய வேண்டுமோ அங்கேயே குறைந்திருந்தது.

நீராவிதான் பெரிய பசுமை இல்ல வாயு என்பதும் உண்மையே. ஆனால் கூடுதல் நீராவியைக் காற்றில் கொட்டினாலும் பத்து நாளைக்குள் மழையாக இறங்கிவிடும். அதன் அளவை நிர்ணயிப்பது வெப்பநிலை; ஒரு டிகிரிக்குச் சுமார் 7 சதவீதம் கூடும். அது தானாகத் தொடங்காது, தொடங்கியதைப் பெருக்கும்.

சூரியன்? 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளக்கின்றன. 11 ஆண்டுச் சுழற்சியின் ஏற்ற இறக்கம் தவிர ஏறுமுகம் எதுவும் இல்லை. சூரியனால் சூடேறினால் வளிமண்டலம் அடி முதல் முடி வரை சூடேற வேண்டும். நடப்பது வேறு: கீழ் அடுக்கு சூடேறுகிறது, மேலே உள்ள அடுக்கு மண்டலம் குளிர்கிறது. 1967-லேயே மனாபே, வெதரால்டு என்ற விஞ்ஞானிகள் தங்கள் கணினி மாதிரியில் இதைக் கணித்துக் காட்டினார்கள். மனாபேக்கு 2021-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

‘பனிப்பதிவில் முதலில் வெப்பம் ஏறுகிறது, பிறகுதான் கரியமில வாயு’ என்பதும் அடிக்கடி வரும். பனியுகங்களைத் தொடங்கி முடித்தது பூமியின் சுற்றுப்பாதை மாற்றம். அதனால் கடல் கொஞ்சம் சூடானதும் வாயு வெளிவந்து சூட்டை மேலும் பெருக்கியது. அப்போது வாயு இரண்டாவதாக வந்தது. இப்போது நாமே நேராகக் கொட்டுவதால் முதலில் வருகிறது. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை.

தரவுத் திருத்தம் பற்றிய சந்தேகத்துக்குத்தான் கொஞ்சம் அதிக இடம் கொடுக்க விரும்புகிறேன், ஏனென்றால் அது நியாயமான சந்தேகம். ‘பழைய வெப்பநிலைகளைத் திருத்துகிறார்கள்’ என்பது உண்மை. ஏன் திருத்துகிறார்கள்? இரண்டாம் உலகப் போருக்கு முன் கப்பல்களில் வாளியால் கடல் நீரை மொண்டு அளந்தார்கள். துணி வாளியில் நீர் ஆவியாவதால், அளப்பதற்குள் நீர் குளிர்ந்துவிடும். பிறகு எஞ்சினைக் குளிர்விக்க இழுக்கும் நீரை அளந்தார்கள். எஞ்சின் அறையின் சூட்டால் அது கொஞ்சம் அதிகம் காட்டும். இப்போது மிதவைகள் அளக்கின்றன. அவை கப்பலைவிடச் சுமார் 0.1 டிகிரி குறைவாகக் காட்டும். மூன்றையும் அப்படியே ஒட்டினால் பொய்யான தொடர் வரும். வேடிக்கை என்னவென்றால், வாளித் திருத்தம் பழைய கடல் வெப்பநிலையை மேலே தூக்குகிறது. அதனால் உலகம் முழுமைக்கும் எடுத்தால், திருத்திய தரவு காட்டும் நூற்றாண்டு வெப்பமேற்றம் திருத்தாத தரவைவிடச் சற்றுக் குறைவு. சதி செய்பவர்கள் எதிர்த்திசையில் சதி செய்கிறார்கள்!

செயற்கைக்கோள் தரவும் புனிதமானதல்ல. அது வெப்பநிலையை அளப்பதில்லை. ஆக்சிஜன் மூலக்கூறுகள் வெளிவிடும் நுண்ணலையை அளந்து, அதிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறார்கள். 1990-களில் அலபாமா பல்கலைக்கழகத்தின் ஸ்பென்சர், கிறிஸ்டி இருவரின் செயற்கைக்கோள் வெப்பநிலைத் தொடர் ‘சூடேற்றமே இல்லை’ என்றது. செயற்கைக்கோளின் உயரம் மெல்ல இறங்குவது கணக்கில் வரவில்லை என்று 1998-ல் தெரிந்தது. அது ஒரே இடத்தைக் கடக்கும் நேரம் தள்ளிப்போவதைத் திருத்தியதிலும் பிழை இருப்பது 2005-ல் தெரிந்தது. இன்று அதே தொடர் பத்தாண்டுக்குச் சுமார் 0.15 டிகிரி ஏற்றம் காட்டுகிறது. தரை அளவீடுகள் ஏறத்தாழ 0.2. நகரச் சூடு தரவைக் கெடுக்கிறது என்று சந்தேகித்த பெர்க்லி இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர், தனிக் குழு அமைத்துத் தொடக்கத்திலிருந்து கணக்கிட்டார். 2012-ல் வந்த முடிவு மற்றவர்களின் வரைபடத்தோடு ஒட்டிப்போனது. எப்படி இருந்தாலும் கூடுதல் வெப்பத்தின் 90 சதவீதம் கடலுக்குள்தான் போகிறது. ஆர்கோ மிதவைகள் 2,000 மீட்டர் ஆழம் வரை மூழ்கி அளக்கின்றன. நடுக்கடலில் நகரம் எதுவும் இல்லை.

விவாதம் உண்மையில் மிச்சமிருக்கும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இது பிரச்சாரம் ஆகிவிடும். அளவு இரட்டிப்பானால் கடைசியில் எத்தனை டிகிரி ஏறும்? 1979-ல் சொன்னது 1.5 முதல் 4.5 வரை. 2021-ல் ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி அதை 2.5 முதல் 4 என்று சுருக்கியது. நாற்பது ஆண்டு ஆய்வுக்குப் பிறகும் இவ்வளவு அகலம் இருக்கக் காரணம் மேகங்கள். அடுத்தது தூசுப்படலம். நிலக்கரிப் புகையில் உள்ள கந்தகம் வெயிலைத் திருப்பியனுப்பி, ஏறக்குறைய அரை டிகிரி வெப்பத்தை மறைத்து வைத்திருக்கிறது. அதன் சரியான அளவில் இன்னும் தெளிவு போதாது. ஒரு மாவட்டத்தின் மழை என்னவாகும் என்பதில் மாதிரிகளின் திறமை இன்னும் குறைவு.

ஆதரவுத் தரப்பும் மிகைப்படுத்துகிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் பருவநிலை மாற்றத்தின் தலையில் போடுவது வழக்கமாகிவிட்டது. அந்த ஒருநாள் பெருமழையை ஆராய்ந்த சர்வதேசக் குழு, புவி வெப்பமாதலின் தாக்கம் அதில் தென்படவில்லை என்றே முடித்தது. தூசுப்படலம் அந்த விளைவை அமுக்கியிருக்கலாம் என்றும் சொன்னது. மாறாக, 2022 மார்ச், ஏப்ரலில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் வாட்டிய வெப்ப அலைக்கான வாய்ப்பு சுமார் 30 மடங்கு கூடியிருந்ததாக அதே வகை ஆய்வு சொன்னது. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொல்பவரை இரு பக்கத்திலும் நம்பாதீர்கள்.

இனி இரண்டாவது வாதம்.

ஊரடங்கு ஆண்டான 2020-ல் உலக உமிழ்வு சுமார் 5 சதவீதம், அதாவது 200 கோடி டன் குறைந்தது. அது காற்றில் தெரிந்திருக்க வேண்டுமா? 200-ஐ 780-ஆல் வகுத்தால் 0.26 பிபிஎம். அதில் பாதியைக் கடலும் நிலமும் எப்படியும் விழுங்கியிருக்கும். மிஞ்சுவது 0.13 பிபிஎம். பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ வருவதா போவதா என்பதைப் பொறுத்தே ஆண்டு ஏற்றம் ஒரு பிபிஎம் வரை கூடிக் குறையும். எனவே தெரியாமல் போனதுதான் கணக்குப்படி சரி. தெரிந்திருந்தால்தான் விஞ்ஞானிகள் குழம்பியிருப்பார்கள். மாதாமாதம் வாங்கும் கைமாற்றை ஒரு மாதம் 5 சதவீதம் குறைத்தால் மொத்தக் கடன் இறங்குமா? அப்போதும் ஏறும், சற்று மெதுவாக.

ஊரடங்கு கற்றுக்கொடுத்த வேறொன்றைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். விமானம் நின்றது, வண்டி நின்றது, அலுவலகம் மூடியது. அப்படியும் 95 சதவீத உமிழ்வு தொடர்ந்தது. ஏனென்றால் மின்நிலையம், இரும்பாலை, சிமென்ட் ஆலை, உரத் தொழிற்சாலை எதுவும் பெரிதாக நிற்கவில்லை. மக்கள் வீட்டுக்குள் அடங்கிக் கிடப்பது உமிழ்வுக் குறைப்பு ஆகாது. எதை எரித்து மின்சாரமும் இரும்பும் செய்கிறோம் என்பது மாற வேண்டும்.

அடுத்து ‘நம் பங்கு 0.00 எத்தனையோ டிகிரிதானே’ என்ற வாதம். இதற்கு ஒரு கணக்கு விதி இருக்கிறது. 1 லட்சம் கோடி டன் கரியமில வாயு வெளியானால் சுமார் 0.45 டிகிரி ஏறும், 0.27 முதல் 0.63 வரை இருக்கலாம். 1850 முதல் 2019 வரை வெளியானது சுமார் 2.4 லட்சம் கோடி டன். பெருக்கினால் 1.08 டிகிரி, அளந்த வெப்பமேற்றமும் ஏறக்குறைய அதுவே. ‘மடக்கை விகிதம் என்றால் அடுத்த டன்னுக்கு விளைவு குறையுமே’ என்று கேட்டால், ஆம், அந்தப் பக்கம் குறைகிறது. ஆனால் சேரச் சேர, கடலும் நிலமும் விழுங்கும் பங்கும் குறைகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, வெப்பம் மொத்த உமிழ்வோடு நேர்கோட்டில் போகிறது. இந்த நேர்கோட்டின் பொருள், ஒவ்வொரு டன்னுக்கும் ஒரே விலை. இந்தத் தேதியைத் தாண்டினால் எல்லாம் முடிந்தது என்ற மாயக் கோடு கிடையாது. இவ்வளவுக்குக் கீழே குறைத்தால் பலனில்லை என்ற கோடும் கிடையாது.

இந்தியாவின் எரிபொருள் உமிழ்வு ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டன். ஓராண்டுக்கு 0.0013 டிகிரி, முப்பது ஆண்டுக்கு 0.04. சிறியதுதான். உலகம் முழுதும் சேர்ந்து ஓராண்டில் ஏற்றுவதே 0.018 டிகிரிதான். 2015-ல் டென்மார்க் எழுத்தாளர் பியோர்ன் லோம்போர்க், பாரிஸ் ஒப்பந்த வாக்குறுதிகளால் 2100-ல் 0.05 டிகிரிதான் மிச்சம் என்று கணக்கிட்டுக் காட்டினார். கூட்டலில் பிழையில்லை. ஆனால் நாடுகள் 2030-க்குப் பின் குறைப்பைத் தொடராது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. நூற்றாண்டு முழுக்கத் தொடர்ந்தால் 0.17 என்று அவரே சொன்னார். இந்த வகை எண்ணை யாராவது நீட்டினால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்த ஆண்டு வரை குறைப்பதாக வைத்தீர்கள், குறைக்காவிட்டால் என்ன ஆகும் என்று எதோடு ஒப்பிட்டீர்கள்? உலக உமிழ்வில் 2 சதவீதத்துக்குக் கீழே உள்ள நாடுகள் ஒவ்வொன்றும் ‘என் பங்கு சின்னது’ என்று சொல்லலாம். அவற்றைக் கூட்டினால் மொத்தத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வரும்.

‘இனிமேல் செய்து என்ன, எல்லாம் கைமீறிவிட்டது’ என்பதும் தப்பு. நிகர உமிழ்வு பூஜ்ஜியம் ஆனால் வெப்பமேற்றம் ஏறக்குறைய அங்கேயே நிற்கும் என்பதுதான் மாதிரிகளின் முடிவு. கடல் தொடர்ந்து சூடாவது ஒரு பக்கம் தள்ள, அதே கடல் கரியமில வாயுவை உறிஞ்சுவது மறுபக்கம் இழுக்கும், இரண்டும் சமன். ஆனால் வெப்பம் இறங்காது. அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். கடல்மட்டமும் நிற்காது. ‘குறைத்தால் பழைய காலம் திரும்பும்’ என்று யாராவது சொன்னால் அவருக்கும் கணக்கு தெரியவில்லை. நிலக்கரியை நிறுத்தும்போது கந்தகப் படலமும் விலகுவதால் கொஞ்ச காலம் சூடு கூடுதலாகத் தெரியும் என்பதையும் மறைக்கக் கூடாது. 2020-ல் கப்பல் எரிபொருளில் கந்தக வரம்பை 3.5 சதவீதத்திலிருந்து 0.5-க்கு இறக்கியபோது கப்பல் தடங்களின் மேல் உருவாகும் மேகக் கோடுகள் குறைந்ததை ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

குறைப்பு எங்காவது நடந்திருக்கிறதா? 2012-ல் பிரிட்டனின் மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் நிலக்கரி. கடைசி நிலக்கரி நிலையம் 2024 செப்டம்பர் 30-ல் மூடியது. இறக்குமதிப் பொருட்களின் உமிழ்வைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் அந்நாட்டின் உமிழ்வு குறைந்திருக்கிறது, ஆனால் உள்நாட்டுக் கணக்கு காட்டும் அளவுக்கு அல்ல. குளிர்சாதனங்களில் இருந்த சிஎஃப்சி வாயுக்கள், டன்னுக்கு டன் பார்த்தால் கரியமில வாயுவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சூடேற்றுபவை. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் அவற்றை நிறுத்தியது. இல்லாவிட்டால் இன்றைய வெப்பம் இன்னும் கூடுதலாக இருந்திருக்கும்.

சீனா நிலக்கரி நிலையங்களைக் கட்டிக்கொண்டே இருக்கிறது, ஆண்டுக்குச் சுமார் 1,200 கோடி டன் விடுகிறது என்பது உண்மை. அதே சீனாதான் 2024-ல் மட்டும் சுமார் 277 ஜிகாவாட் சூரிய மின்சாரத்தைச் சேர்த்தது. 2000-ல் ஜெர்மனி சட்டம் போட்டு, சூரியத் தகடுகளை அதிக விலை கொடுத்து வாங்கத் தொடங்கியபோது அதனால் குறைந்த டன்கள் சொற்பம். ஆனால் அந்தச் சந்தையால் தொழிற்சாலைகள் பெருகின. 2010-க்கும் 2023-க்கும் இடையில் பெரிய சூரிய நிலையங்களின் மின்சாரச் செலவு உலக அளவில் சுமார் 90 சதவீதம் சரிந்தது. 2017-ல் ராஜஸ்தானின் பட்லா பூங்காவுக்கு யூனிட் 2 ரூபாய் 44 காசுக்கு ஏலம் போனது. ஒரு நாடு குறைப்பதன் பெரிய பலன் அதன் சொந்த டன்களில் இல்லை. அடுத்த நாட்டுக்கு அதே வேலையை மலிவாக்குவதில் இருக்கிறது. இந்தியா பற்றிய கேள்விக்கு என் நேரடி பதில் இதுதான். ஒருவருக்கு 2 டன் விடும் நாடு 14 டன் விடும் அமெரிக்காவுக்கு முன்னால் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இன்று கட்டும் நிலக்கரி நிலையம் 40 ஆண்டு ஓடும். அதை மலிவான வழி இருக்கும்போதும் கட்டுவது வீண்செலவு.

இதிலும் ஏமாற்றும் எண்கள் உண்டு. ‘மின் நிறுவுதிறனில் பாதி புதைபடிவ எரிபொருள் அல்லாதது’ என்று 2025-ல் இந்தியாவில் அறிவித்தார்கள். உற்பத்தியில் நான்கில் ஒரு பங்கு அளவுதான். 1,000 மெகாவாட் சூரியப் பூங்கா ஆண்டுக்குத் தருவது சுமார் 190 கோடி யூனிட். அதே திறனுள்ள நிலக்கரி நிலையம் 65 சதவீதம் ஓடினால் 570 கோடி. ஒன்றுக்கு மூன்று போட வேண்டும். அதுவும் மாலை ஆறரைக்குச் சூரியன் போனதும், ஏழு முதல் பத்து வரையிலான உச்சத் தேவைக்கு யார் தருவது? பேட்டரி, அல்லது கோவை மாவட்டத்துக் காடம்பாறை போல இரவிலோ நண்பகலிலோ மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலணைக்கு ஏற்றி, மாலையில் இறக்கும் நிலையம். காடம்பாறையின் திறன் 400 மெகாவாட். இதைப் பலமடங்கு பெருக்காமல் தகடுகளை மட்டும் அடுக்கினால், நண்பகலில் உற்பத்தியை நிறுத்தச் சொல்லும் உத்தரவும் மாலையில் மின்வெட்டும் ஒன்றாக வரும்.

வீட்டளவில் எது கணக்கில் வரும் என்று கேட்டால், சில எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு யூனிட் மின்சாரம் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. ஒரு லிட்டர் பெட்ரோல் 2.3 கிலோ. 14.2 கிலோ சமையல் சிலிண்டர் ஏறத்தாழ 42 கிலோ. 75 வாட் மின்விசிறியை 30 வாட் பிஎல்டிசி விசிறியாக மாற்றி, நாளுக்கு 12 மணி நேரம், ஆண்டில் 300 நாள் ஓட்டினால் சுமார் 160 யூனிட், 110 கிலோ மிச்சம். யாரும் பேசாத பெரிய எண் ஏசியின் வாயு. ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால் சுமார் 2 டன் கரியமில வாயுவுக்குச் சமம், அதாவது 870 லிட்டர் பெட்ரோல். ஆண்டுதோறும் ‘கேஸ் டாப்-அப்’ செய்வது இதனால்தான் முட்டாள்தனம். ஏசி மூடிய சுற்று. வாயு தானாகத் தீராது. குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை, பெரும்பாலும் ஃபிளேர் இணைப்பிலோ அரித்துப்போன காயிலிலோ. நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை வைத்து ஓட்டையைப் பிடித்து, அடைத்து, வெற்றிடப் பம்ப் போட்டு, தராசில் எடைபோட்டு வாயு ஏற்ற வேண்டும். பழைய வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் உருளையில் மீட்கச் சொல்லுங்கள். புதிதாக வாங்குபவர்கள் ஆர்-32 அல்லது ஆர்-290 பார்க்கலாம். முன்னதன் தாக்கம் ஆர்-410ஏ-யில் மூன்றில் ஒரு பங்கு. பின்னது அனேகமாக ஒன்றுமே இல்லை, ஆனால் அது தீப்பற்றும் வாயு என்பதால் பயிற்சி பெற்றவர்தான் கைவைக்க வேண்டும்.

விவசாயிகளுக்கு மீத்தேன். இதன் ஆயுள் சுமார் 12 ஆண்டுதான் என்பதால், கரியமில வாயுவைப் போலன்றி, இதைக் குறைத்தால் சூட்டின் ஒரு பகுதி உண்மையிலேயே இறங்கும். நீர் தேங்கிய நெல்வயலில் காற்றில்லாத சேற்று நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் அதை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைக்கலாம். ஒரு அடி நீளக் குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு வயலில் பதியுங்கள். குழாய்க்குள் நீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும் வரை பாய்ச்ச வேண்டாம். இறங்கியதும் 5 சென்டிமீட்டர் நிற்கும்படி பாய்ச்சுங்கள். நட்டு இரண்டு வாரம் கழித்துத் தொடங்கலாம். பூக்கும் வாரத்தில் மட்டும் காயவிடக் கூடாது, பதர் விழும். யூரியாவைப் பாய்ச்சலுக்குச் சற்று முன் போடுங்கள். போட்டுவிட்டு நெடுநாள் காயவிட்டால் அது நைட்ரேட்டாக மாறி, அடுத்த பாய்ச்சலில் நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறும். அது கரியமில வாயுவைவிட 270 மடங்கு சூடேற்றும். மீத்தேனில் மிச்சப்படுத்தியதில் ஒரு பகுதி அதில் போய்விடும். டெல்டாவில் இது பரவாததற்குக் காரணம் விவசாயிகளின் அறியாமை அல்ல. முறைவைத்து வாய்க்காலில் தண்ணீர் வரும் இடத்தில், அடுத்த முறை எப்போது என்று உறுதியில்லாதவர் வயலைக் காயவிடத் துணிய மாட்டார். ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவரால் இன்றே முடியும். வாய்க்கால் பாசனத்தில் முறைத் தேதி முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்தால்தான் முடியும்.